முயல்குட்டிக்கு மொட்டை

செய்யூர்க்காரி வேண்டாவுக்குப் பயம் என்பதே கிடையாது. நாங்கள் வேலை பார்க்கும் மாமல்லபுரம் ஓட்டலில் மேனேஜர் ரஞ்சித்குமாரையே 'யோவ்' என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் நாள், கிழமை என்றால் மட்டும் நடுங்கிப்போவாள். பஞ்சாங்கம் பார்க்காமல் நகம்கூட வெட்டமாட்டாள்.

நான் அங்கே சமையல் மாஸ்டர். தங்க வருகிறவர்களின் பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சட்டும் என்று முதலாளி கொடைக்கானலிலிருந்து பொசுபொசுவென்று முடி வளரும் அங்கோரா முயல் ஒரு ஜோடி வாங்கி வந்தார். குளிரில் கிடந்த ஜீவனை இந்த உப்புக்காற்றில் கொண்டுவந்து விட்ட அந்த மூளையை என்னவென்று சொல்ல! முயல்கள் வேண்டாவின் பொறுப்பு. மாசித் தொடக்கத்தில் நான்கு குட்டி. பெண்ணாய்ப் பிறந்தாளே என்று அப்பன் தனக்கு வைத்த பெயரின் கடுப்பில், இருந்ததிலேயே சின்னப் பெட்டைக்கு 'வேணும்' என்று பெயர் வைத்தாள். வாரம் ஒருதரம் மடியில் போட்டுச் சீப்பால் சிக்கெடுப்பாள்.

கால்நடை டாக்டரம்மா ஷபானா தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். "ரெண்டு மாசம் ஆச்சுன்னா முடிய வெட்டிடணும். இங்க அடிக்கிற வெயிலுக்குத் தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து."

இரண்டு மாதம் ஆனது. வேண்டா கத்தரிக்கோலைத் தொடவில்லை.

"இன்னாமே, வெட்டலியா?" என்றேன்.

"மாஸ்டரு, உனுக்கு அறிவு கீதா? ரெட்டைப்படை மாசத்துல எவனாவது மொதல் மொட்டை போடுவானா? மூணு ஆவட்டும்."

"அது முயலுமே!"

"முயலுன்னா மொதல் முடி இல்லியா?"

வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

அக்னி நட்சத்திரம் பிறந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல ராகுகாலத்தில், தோட்டத்திலிருந்து அலறல். ஓடினேன். 'வேணும்' வாயைப் பிளந்து மூச்சு வாங்கியபடி துவண்டு கிடந்தது.

"போச்சே மாஸ்டரு! நானே கொன்னுட்டனே!"

"கத்தாத, தூக்கினு வா!" என்று ஏசி ஓடும் வரவேற்பறைக்கு இழுத்துப்போனேன். குட்டியின் காதில் ஈரத்துணி வைத்துவிட்டு, கத்தரிக்கோலை வேண்டாவிடம் நீட்டினேன்.

"செவ்வாக்கெழமை..." என்று முனகினாள். குட்டியின் விலா படபடவென்று அடித்தது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். முதுகில் வகிடெடுத்து, மெல்லிய தோலில் முனை படாமல் சரசரவென்று வெட்டினாள். சோபா முழுக்க வெள்ளை முடி.

ரஞ்சித்குமார் பதறி வந்தார். "இன்னாக்கா இது? எலி மாதிரி கீது! கெஸ்ட்டு எப்பிடி போட்டோ எடுப்பாங்க?"

"யோவ், உன் டோப்பாவக் கழட்டி இத்துக்கு மாட்டு. அப்பால எடு போட்டோ."

அவர் கை தானாகத் தலைக்குப் போனது.

கொஞ்ச நேரத்தில் குட்டி தலையைத் தூக்கிக் கிண்ணத்துத் தண்ணீரை நக்கியது. வேண்டா ஓவென்று அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள்.

"மாஸ்டரு, மத்த மூணையும் கொண்டா."

என் வாய் சும்மா இருக்குமா? "ராகுகாலம் இன்னும் முடியலியே?"

"இத்தச் சாவடிக்கப் பாத்தது ராகு இல்ல, நானு. கொண்டான்றன்ல!"