களிமண் மாவிலை

அவசரகால ஊரடங்கு என்று பிற்பகல் மூன்று மணிக்கே போலீஸார் எங்கள் தோட்டக் குடியிருப்பின் முள்வேலிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் என் மகளுக்குப் பரிசம். வாசலில் தோரணம் கட்ட மாவிலை வேண்டும், மாமரமோ வேலிக்கு அப்பால் நின்றது.

நானும் மனைவியுமாகக் கால்வாய்க் களிமண்ணில் இலைகள் செய்து, அடுப்பருகே காயவைத்துப் பச்சை பூசினோம். இடையிடையே பால்டின் மூடிகளுக்குச் சிவப்படித்துக் கோத்துத் தொங்கவிட்டோம்.

காலையில் காவலுக்கு வந்த போலீஸ்காரர், "அண்ணே, செவப்பு தொங்குனா காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்கு சிக்னல். கழட்டுங்க" என்றார்.



"கழட்ட மாட்டேன். வேணும்னா என்னைப் பிடிச்சிட்டுப் போங்க" என்றேன்.

அவர் தோரணத்தில் கை வைத்தபோது, லூபோக் சீனா என்ற ஊரிலிருந்து லாரியில் வந்த சம்பந்தியம்மா தட்டுடன் இறங்கினார்.

"தம்பி, அத அவுத்துட்டா நாங்க எந்த வாசல்ல நுழையிறது லா?" என்றார்.