கிதார் கழுத்துக்கு எண்ணெய்

அவரை எல்லோரும் ‘கண்ணாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி போட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள், பார்வையெல்லாம் கழுகுப் பார்வைதான். கார் பட்டறையில் பெயின்டர். அவர் பெயின்ட் அடித்த கதவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு. அது காயும்வரை பக்கத்தில் ஒரு ஈ பறக்கக் கூடாது. விரல் வைத்தவன் தொலைந்தான். முதலாளியே ஒருமுறை “காய்ஞ்சிடுச்சா?” என்று தொட்டுப் பார்க்கப் போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார்.

இப்படிப்பட்ட சிடுமூஞ்சிக்குத் தங்கை என்றால் உயிர். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அவளுக்கோ கிதார் என்றால் உயிர். மருந்துக் கடையில் வேலை பார்த்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு பழைய எலெக்ட்ரிக் கிதார் வாங்கி வந்தாள். உடம்பெல்லாம் பெயின்ட் உரிந்து கிடந்தது. கழுத்தின் பின்பக்கம், அதாவது வாசிக்கும்போது இடது கை மேலும் கீழும் ஓடுகிற இடம், யாரோ வாசித்து வாசித்து வெறும் கட்டையாகத் தேய்ந்திருந்தது.

கண்ணாடிக்குப் பொறுக்குமா? அவள் பிறந்தநாளுக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் அதைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். உடம்புக்குக் கருஞ்சிவப்பு. அதன் மேலே, கழுத்தையும் விடாமல், காருக்குக் கடைசியாக அடிக்கிற நிறமில்லாத மேல்பூச்சை, அந்த ‘கிளியர் கோட்’டை, ஒன்றுக்கு நாலு தடவை அடித்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். தங்கை பெட்டியைத் திறந்து பார்த்ததும் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் அதற்கப்புறம் அவள் வாசிப்பில் ஏதோ கோளாறு. ஓடுகிற பாட்டு பாதியில் தடுக்கி நிற்கும். கேட்டால், “பிராக்டிஸ் பத்தலை அண்ணா” என்பாள். ஓர் இசைக்குழுவில் கிதாருக்கு ஆள் தேடினார்கள். சனிக்கிழமை வந்து வாசித்துக் காட்டச் சொல்லி அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். எத்தனை வருஷக் கனவு அது! அந்த வாரம் செவ்வாய்க்கிழமை கண்ணாடி வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது, சமையலறையில் தங்கை அவர் மனைவியிடம் சொல்வது காதில் விழுந்தது.

“நாளைக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடப் போறேன் அண்ணி.”

“ஏன்? என்னாச்சு? எவனாவது ஏதாவது சொன்னானா?” என்று சட்டைக் கையை மடித்துவிட்டுச் சண்டைக்கே கிளம்பிவிட்டார் மனுஷன்.

தங்கை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் மனைவியால்தான் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“யாரும் ஒண்ணும் சொல்லலைங்க. உங்க பெயின்ட்தான்! அவளுக்குக் கை வேர்க்கும்னு உங்களுக்குத் தெரியாதா? வேர்த்த கை அந்தப் பளபளப்புல ஒட்டிக்குது, நகர மாட்டேங்குது. உங்க மனசு நோகும்னு சொல்லாம முழுங்கிட்டு இருக்கா.”

தெரியாதா? அவள் பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் விடைத்தாள் நனையாமல் இருக்கக் கைக்குட்டை மடித்துக் கொடுத்தவரே அவர்தானே. அவருக்குச் சுருக்கென்றது.

“தேய்ஞ்சு போச்சேன்னுதானே அடிச்சேன்...”

“அந்தத் தேஞ்ச இடத்துலதான் அண்ணா கை அழகா ஓடும்.”

“அப்போ சுரண்டிட்டாப் போச்சு!”

“சும்மா சுரண்டி விட்டா வேர்வை இறங்கி மரம் கெட்டுப்போயிடும். கழுத்துக்கு மட்டும் எண்ணெய் தேய்ப்பாங்க. அது மரத்துக்குள்ள இறங்கிடும், மேல படலமா நிக்காது.”

“எண்ணெய் தேய்க்க அது என்ன உன் தலையா?” என்று கத்தினார் கண்ணாடி. அவர் கத்தியதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் அந்த இடத்தில் பெயின்ட் பிடிக்காது. பட்டறையில் அவருடைய முதல் எதிரியே எண்ணெய்தான். கத்திவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

காலையில் தங்கை எழுந்து வந்தால், வாசலில் கிதாரை மடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கம்பிகளைக் கழற்றி, விரல் வைக்கிற பக்கத்தை டேப் ஒட்டி மூடிவிட்டு, பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். தன் கையால் அடித்ததைத் தன் கையாலேயே சுரண்டுவது என்றால் சும்மாவா? ஒவ்வொரு இழுப்புக்கும் முகம் கோணிப்போனது. மடியெல்லாம் வெள்ளைத் தூள். பக்கத்தில் அடுத்த தெருத் தச்சரை எழுப்பி வாங்கிவந்த, மரத்துக்குப் பூசுகிற ஆளிவிதை எண்ணெய்.

“உடம்பைத் தொட மாட்டேன், சொல்லிட்டேன்,” என்றார் நிமிராமலே. “அந்தப் பளபளப்பு அப்படியே இருக்கட்டும். எனக்கும் கொஞ்சம் மானம் வேணும்.”

எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசி, மிச்சத்தைத் துடைத்து எடுத்தார். பிறகு கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்தார். இருபது வருஷமாகக் கை படாமல் வேலை செய்து பழகியவருக்கு அது முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் கை எடுக்கவே மனசு வரவில்லை. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் என்று தச்சர் எச்சரித்திருந்ததால், அதை விரித்துக் கொடியில் போட்டார்.

“என் துவைச்ச துணிக்குப் பக்கத்துலதான் இடம் கிடைச்சுதா?” என்று மனைவி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள்.

வெள்ளிக்கிழமைவரை தினமும் ஒரு பூச்சு. தங்கை தொட்டுப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் அண்ணா” என்பாள். அவரும் மறுபேச்சுப் பேசாமல் தேய்ப்பார். வெள்ளிக்கிழமை ராத்திரி கம்பி மாட்டிக் கொடுத்தார். அவள் வாங்கிய கையோடு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை, இசைக்குழுவின் அறைக்கு வெளியே புருஷனும் பெண்டாட்டியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. டிரம்ஸ் சத்தத்தில் கிதார் சரியாகவே கேட்கவில்லை. கண்ணாடிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுவதும் உட்காருவதுமாக இருந்தவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள் மனைவி.

கதவு திறந்தது. தங்கை வந்தாள், நெற்றியெல்லாம் வேர்வை.

“கை ஒட்டுச்சா?” என்று பாய்ந்து போய்க் கேட்டார்.

அவள் திருதிருவென்று விழித்தாள். “எந்தக் கை?”

“எடுத்துக்கிட்டாங்களா இல்லையா, அதை முதல்ல சொல்லுடி!” என்று அதட்டினாள் அண்ணி.

“வர்ற புதன்கிழமையிலிருந்து வரச் சொல்லிட்டாங்க அண்ணி!”

பெண்கள் இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கண்ணாடி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். தன் வேலையைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள் எத்தனையோ பேரை அவர் பார்த்தாயிற்று. இப்படி ஒருத்தி அதைச் சுத்தமாக மறந்துபோய் வந்து நிற்பதை இப்போதுதான் பார்க்கிறார்.

“ஐயோ, கழுத்தைக் கேட்டியா அண்ணா?” தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். “வாசிக்கும்போது எனக்கு அந்த நினைப்பே வரலை.”

“வர வேணாம்மா,” என்றார். “எப்பவுமே வர வேணாம்.”