வைகாசிக் கலியாணத்துக்கு எத்தனை இலை?

ராதாபுரத்துப் பக்கம் ஞானசிகாமணியைத் தெரியாதவர் கிடையாது. ஆனாலும் அவரை ஓர் ஆளாக மதித்து நாலு வரி எழுதியவர் யாருமில்லை. நான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். பதினான்கு வருஷம் பனையேறினேன். பிறகு தலைச்சுமையாகக் கருப்பட்டி விற்றேன். இன்று பாளையங்கோட்டையில் சொந்தக் கடை வைத்திருக்கிறேன். என் எழுத்தில் பிழை இருக்கலாம், கணக்கில் இருக்காது. ஒரே ஒரு தடவை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்தான் ஞானசிகாமணி.

எங்கள் ஊர் வேதக்கோயிலில் அவர் கோயில்குட்டி. மணியடிக்க வேண்டும், பெருக்க வேண்டும், விளக்குத் துடைக்க வேண்டும். மாதம் மூன்று ரூபாய். கலியாண வீட்டார் வீடுவீடாகப் பாக்கு வைத்து அழைக்கப் போனால் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கூடப் போவதும் அவர்தான். அதற்குக் கூலி ஒரு வேட்டி. நெட்டையான ஆள். பேச்சு குறைவு. நெஞ்சில் பனை உரசிக் காய்த்த தழும்பு மட்டும் பழைய தொழிலைச் சொல்லும்.

1912இல் என் மகள் சாலோமிக்குச் சம்பந்தம் கூடியது. மாப்பிள்ளை பாளையங்கோட்டையில் வாத்தியார். அவர் தகப்பனார் வேதமுத்துவும் வாத்தியார். பள்ளிக்கூட விடுமுறையைப் பார்த்து வைகாசியில் ஒரு புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்கள். நானும் தலையாட்டினேன்.

செலவுப் பட்டியலை நானே போட்டேன். ஊரிலும் சுற்றிலும் நூற்றுப் பதினெட்டு வீடு, வீட்டுக்கு ஐந்து பேர். மாப்பிள்ளை வீட்டார் அறுபது. ஆக அறுநூற்று ஐம்பது இலை. ஆடு இருபது, ஸ்ரீவைகுண்டத்து அரிசி, நகை, சேலை, பந்தல், டவுனிலிருந்து பேண்டு மேளம் எல்லாம் சேர்ந்து நானூற்று இருபது ரூபாய் வந்தது. கையில் இருந்ததோ இருநூற்று எண்பது. மீதிக்கு என் பனை விளையை ஒத்தி வைப்பது என்று தீர்மானித்தேன். நாற்பத்தெட்டுப் பனை, அத்தனையும் என் கருப்பட்டிக் காசில் வாங்கியது. ஒத்தி வைத்தால், வாங்கிய பணத்தைத் திருப்பும் வரை பதனீர் முழுவதும் பணம் கொடுத்தவனுக்கு. வெள்ளிக்கிழமை ராதாபுரம் போய்ப் பத்திரம் பதிய ஏற்பாடு. வீட்டுக்காரி அழுதாள். “நாலு பேரு மெச்ச வேண்டாமாட்டீ?” என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஞானசிகாமணியைக் கூட்டிக்கொண்டு அழைக்கப் புறப்பட்டேன். முதல் வீட்டிலேயே கவனித்தேன். நான் வீட்டுக்காரனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். இவர் தாம்பாளத்தை நீட்டிவிட்டு வீட்டின் பக்கவாட்டை எட்டிப் பார்க்கிறார். தெருவுக்கு வந்ததும் மடியிலிருந்து இரண்டு பனைநாரை எடுத்தார். ஒன்றில் ஒரு முடிச்சுப் போட்டார், மற்றதில் மூன்று முடிச்சு. அடுத்த வீட்டிலும் அதே எட்டல், அதே முடிச்சு.

“என்னவே, ஊரான் வீட்டுக் கொல்லையில என்னத்தத் தேடுதீரு? கோழி களவாங்க வந்தவன்னு நினைச்சிரப் போறானுவ.”

“கோழிக்கு ரெண்டு கையும் வேணும் அண்ணாச்சி. என் கையில தாம்பாளம்லா இருக்கு. பைய நடங்க.”

எனக்கு மண்டை குடைந்தது. மறுநாள் நானும் எட்டிப் பார்த்தேன். விறகுக் கட்டு, ஒரு பசு, சுண்ணாம்பு தடவிக் கவிழ்த்த கலயங்கள். இதில் என்ன அதிசயம்? ஒன்பது பேர் இருக்கிற வீட்டுக்கு முதல் நாரில் ஒரே முடிச்சு போட்டார். நாலே பேர் இருக்கிற தச்சன் வீட்டுக்கு அதே நாரில் நாலு முடிச்சு. குடும்பத்தின் குணத்தை எடை போடுகிறாரோ, என் மேல் யாருக்குப் பொறாமை என்று பார்க்கிறாரோ என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பொழுது சாயும்போது கடைசி வீட்டை முடித்தோம். கோயில் படியில் அவரை உட்காரவைத்துவிட்டேன்.

“இத சொல்லாம ஒம்மை விடமாட்டேன் வே. நாருல என்னவே கணக்கு?”

அவர் முடிச்சுகளை நெருடி எண்ணினார். “பகலுக்கு நூத்தி எழுவது. மாப்பிள்ளை வீட்டாரோட எறநூத்தி முப்பது. ராத்திரிக்கு நூத்திப் பத்து. மொத்தம் முந்நூத்தி நாப்பது இலை அண்ணாச்சி.”

“அறுநூத்தி ஐம்பது எங்கன போச்சு?”

“நீங்க வீட்டுக்காரன் மூஞ்சியப் பாத்தீய. நான் கலயத்தப் பாத்தேன். வைகாசில்லா! காலையில ஒரு ஏத்தம், சாயந்திரம் ஒரு ஏத்தம். ஒரு நாள் சீவாம விட்டா பாளை அடைஞ்சு போவும். இறக்குனத பொம்பளையாளுவ உச்சி சாயுத வரைக்கும் காய்ச்சுதாளுவ. முப்பது கலயம் கவுத்தியிருக்க வீட்டுல இருந்து பகல் பந்திக்கு எவன் வருவான்? வேலைக்கு ஆவாத கிழவன் ஒருத்தன் வருவான். மத்தவனுவ பனைய விட்டு இறங்கி, குளிச்சு, இருட்டுனப் பொறவு வருவானுவ. அதுலயும் பாதிப்பேரு அசந்து தூங்கிருவான்.”

பதினான்கு வருஷம் அந்தக் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவிய கை இது! டவுன் பள்ளிக்கூடத்து விடுமுறைக்குத் தலையாட்டியபோது பனையை மறந்தே போனேன்.

“இந்தக் கணக்கு ஒமக்கு எங்கன வந்துச்சு?” என்று கேட்டேன்.

அவர் நார்களைச் சுருட்டி மடியில் வைத்தார். “என் தங்கச்சி கலியாணம் அண்ணாச்சி. பன்னெண்டு வருசம் ஆச்சு. அதுவும் வைகாசிதான். நானூறு இலைக்கு ஒரே வடியா வடிச்சேன். பகலுக்கு வந்தது நூத்தம்பது பேரு. ராத்திரி வந்தவனுவளுக்குப் போடலாம்னு பாத்தா, சோறு நொசநொசன்னு ஊசிப்போச்சு. குழிவெட்டிப் புதைச்சோம். அந்தச் சோத்துக்காவ வித்தது இருபத்திரெண்டு பனை. அன்னையில இருந்து ஏற மரமில்ல. மணிக் கயித்த இழுக்கேன்.”

ஆனாலும் எனக்குப் பயம் விடவில்லை. இலை போட்டுச் சோறில்லாமல் போனால் என் பேர் பாளையங்கோட்டை வரைக்கும் நாறும். அதையும் சொன்னேன்.

“வடிச்ச சோத்துக்குத்தான் கெடு. வேகாத அரிசி எங்கயும் போவாது. ரெண்டு தடவையா அடுப்பு மூட்டுங்க. ஒரு மூட்டைய அவுக்காம வையுங்க. ரெண்டு ஆட்டக் கட்டியே போடுங்க. தேவைன்னா அறுக்கலாம்.”

வெள்ளிக்கிழமை நான் ராதாபுரம் போகவில்லை. பட்டியலைத் திருத்தினேன். ஆடு பன்னிரண்டு, அண்டா வாடகை பாதி, பேண்டு மேளம் கிடையாது. இருநூற்று எழுபதில் அடங்கியது.

கலியாணத்தன்று கோயிலில் மோதிரம் மாற்றி வெளியே வந்தால், மாப்பிள்ளை வீட்டார் பத்து வண்டிக்குப் பதில் பதினாலு வண்டியில் வந்திருக்கிறார்கள்! இருபத்து நாலு பேர் கூடுதல். ஞானசிகாமணி போய் அவிழ்க்காத மூட்டையை அவிழ்த்தார். கடைசிப் பந்திக்கு அரை மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். பந்தியில் உட்கார்ந்த யாரும் சோறில்லாமல் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் மறுபடி அடுப்பு மூட்டியதைப் பார்த்துவிட்டு வேதமுத்து வாத்தியார் சிரித்தார். “என்ன சம்பந்தி, தவணை முறையில சோறு பொங்குதீய? அரிசி தட்டுப்பாடோ?”

“வாத்தியாரய்யா, ஒங்க பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் ஒரே மணி. எங்க ஊருல பனை இறங்குத மணிக்குத்தான் பந்தி. செத்த இருந்து பாருங்க” என்றேன். அவர் இருந்து பார்த்தார். குளித்த தலை ஈரத்தோடு பனையேறிகள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். நூற்று ஏழு இலை.

விளை என் கையிலேயே இருந்தது. நாற்பத்தெட்டில் நாலு பனையை ஞானசிகாமணிக்கு விட்டுக்கொடுத்தேன். ஏறுவதும் அவர், பதனீரும் அவருக்கு. என்னைப் போல் கொடுக்கிறவன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு என்பது ஊருக்கே தெரியும். முதலில் அவர் வேண்டாம் என்றார். மாசி மாதம் பாளை விட்டதும் தானாகவே பாளை சீவும் அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

முதல் நாள் நான் அடியில் நின்றேன். பைய ஏறினார். பாதி மரத்தில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். இறங்கி வந்து கலயத்தை என்னிடம் நீட்டினார். குடித்தேன். சுண்ணாம்பு தூக்கலாக இருந்தது. அதையும் சொன்னேன், நானும் தொழில் தெரிந்தவன் அல்லவா!

“கை மறந்து போச்சு அண்ணாச்சி. நாளைக்குச் சரியாயிரும்” என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்.