உழவு மாடு போட்ட ரோமானியக் காசு

வெள்ளிக்காசு கொண்டுவருகிறவர் விலை கேட்டுவிட்டுப் போய்விடுவார், செப்புக்காசு கொண்டுவருகிறவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். என்னைப்போலப் பழங்காசுக் கடை வைத்திருக்கும் உங்களுக்கு இது தெரியாததில்லை.

ஆசிட்

நான் தொழிலுக்கு வந்த புதிது. அவனியாபுரத்தில் பட்டறை வைத்திருந்த செல்வம், பச்சை பூத்த சின்னக் காசு ஒன்றைக் கொண்டுவந்தார். கூலிவேலை பார்த்த அவருடைய அப்பா ஆயுசு முழுக்க அரைஞாண்கயிற்றில் கட்டியிருந்ததாம். அவர் இறந்து, உடலை எரிக்கும் முன் அவிழ்த்தது. மங்கலாக ஒரு தலை தெரிந்தது. ரோமானிய ராஜாவாக இருக்கும் என்றேன். முகத்தைத் தெளிவாகப் பார்க்க ஆசைப்பட்டார்.

நாள் கணக்கில் பொறுமையாகச் சுத்தம் செய்ய வேண்டியதை, அவசரப்பட்டு ஆசிட்டில் போட்டேன். எடுத்தால் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. வழவழவென்று ஒரு தகடு. என் தப்புதான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"விடுங்கண்ணே, எங்கப்பாவுக்கும் ஒரு போட்டோகூட இல்ல."

வளையல்

பசுமலையில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், எப்போதோ எங்கோ வாங்கிய ரோமானியக் காசைக் காலேஜுக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லிக் காட்டினார். லென்ஸில் பார்த்தேன். அச்சில் அடித்த நிஜக் காசில் வராத வார்ப்புக் கோடு ஓரத்தில் ஓடியது. போலி. பிள்ளைகள் பார்க்கப்போகிற பொருள் என்பதால் மறைக்க மனசு வரவில்லை, சொல்லிவிட்டேன். அவர் காசைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார்.

"வீட்டுல தெரிய வேணாம் தம்பி. அவ வளையலை வித்து வாங்குனது."

உழவு

விளாங்குடி முத்துமாரி பேங்க்கில் வேலை பார்ப்பவர். என் கடையில் ஒரு காசைப் பார்த்துவிட்டு, மறுவாரம் தன் அப்பாவைக் கூட்டிவந்தார். அடுத்தவர் வயலில் ஏர் பிடித்தே மகளைப் படிக்கவைத்த மனிதர். காசின் ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் ஒருவன் இரண்டு மாடு பூட்டி உழுகிறான். பெரியவர் மாட்டைத்தான் முதலில் பார்த்தார்.

ரோமானியர்கள் பிடித்த நாட்டில் ஒரு சின்ன ஊர், அங்கே வயசான சிப்பாய்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தார்கள், ஏர் ஓட்டித்தான் எல்லை போட்டார்கள், அதையே தங்கள் ஊர்க் காசிலும் அடித்துக்கொண்டார்கள் என்று விளக்கினேன். அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதுக்கு முன்ன அந்த நெலத்துல உழுதவங்க எங்கய்யா போனாங்க?"

காசுக்கு வயசு சொல்லியே இருபது வருஷம் பிழைத்துவிட்டேன், பெரியவர் கேட்டதை மட்டும் எந்தக் காசிலும் அடித்துவைக்கவில்லை.