செவ்வாய்க்கிழமைப் படகு

திருநீர்மலைப் பக்கத்து ஏரியில் எங்கள் காலனிக்காரர்கள் துடுப்புப் படகு ஓட்ட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக, போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துடுப்பை இழுக்க வேண்டும். பயிற்சியாளர் மட்டும் எங்களைப் பார்த்து உட்கார்ந்து வழி பார்ப்பார். வந்தவர்கள் எல்லோரும் ஒரே ரகம். பாங்க் வேலை, வாத்தியார் வேலை, முட்டிவலி. படகிலும் குடிதண்ணீர் லாரியைப் பற்றித்தான் பேசுவோம். படகுக் குழுச் செயலாளருக்கே அலுத்துப்போய், இந்தப் பக்கம் எத்தனையோ வெளிமாநிலத்துக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களையும் சேர்க்க வேண்டும் என்றார்.

எனக்கு ஒருத்தியைத் தெரியும் என்று முந்திக்கொண்டு சொன்னேன். பல்லாவரம் பார்லரில் நாலு வருஷமாக எனக்குப் புருவம் திருத்துகிற மிசோரம் பெண். அப்படியானால் அழைப்பு நோட்டீசை ஹிந்தியில் போட்டுவிடலாம் என்றார் செயலாளர். ஹிந்திப் பலகைகளில் தார் பூசியவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. இருந்தும் நான் தலையாட்டினேன். டெல்லியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் அழகாக எழுதிக் கொடுத்தார்.

அவள் நோட்டீசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போது என் ஒரு புருவம்தான் முடிந்திருந்தது.

"இன்னாக்கா இது? எனக்கு இந்தி படிக்க வராது. எங்க ஊர்ல மிசோதான். நீ தமிழ்ல சொல்லேன்."

அவள் தமிழ் மார்க்கெட்டிலும் பஸ்ஸிலும் கற்றது; என்னுடையதைவிடச் சென்னைத் தமிழ். சொன்னேன். தினமும் பஸ்ஸில் அந்த ஏரியைத் தாண்டித்தான் வேலைக்கு வருகிறாளாம். நீச்சல் தெரியாது, ஆனால் ஒரு தடவையாவது அதன் நடுவில் போய்வர ஆசை என்றாள். நூலின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு அடுத்த புருவத்துக்குப் போனாள்.

ஒரு அரசு விடுமுறை நாளில், கடையில் கேட்டுக்கொண்டு, ஏரிக்கு வந்தாள். மலைநாட்டு ஆட்களுக்கு ஆறெல்லாம் பழக்கம்தானே என்று செயலாளர் விசாரித்தார். கரையில் நிற்க வைத்து, கையில் துடுப்பைக் கொடுத்து, போட்டோ எடுத்தார். அன்று காற்று அதிகம் என்பதால் படகு இறங்கவில்லை.

பயிற்சி ஞாயிறு காலை ஆறு மணிக்கு. ஞாயிறு அவளுக்கு முதலில் சர்ச், பிறகு கடையில் கூட்டம். செவ்வாய்க்கிழமை முடி வெட்டிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள் என்பதால் அன்றுதான் கடைக்கு லீவு. செவ்வாயும் ஒரு பயிற்சி வைக்கலாமா என்று எங்கள் குழுக் கூட்டத்தில் கேட்டேன். ஒருத்தருக்காக எப்படி முடியும், பயிற்சியாளருக்கும் ஒத்துவராது என்றார் செயலாளர். நானும் அதோடு விட்டுவிட்டேன். செவ்வாய் எனக்கு ஆபீஸ். உள்ளுக்குள் எனக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது.

அடுத்த மாதம் ஏரி வாசலில் பேனர் வைத்தார்கள். 'எல்லோரும் வாருங்கள்' என்ற எழுத்துக்குக் கீழே துடுப்போடு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். போட்டோ நன்றாகவே வந்திருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் பார்லர் பக்கம் போகவில்லை. புருவம் புதராகி, வேறு வழியில்லாமல் போனேன். அவள் கோபப்படவில்லை. பவுடரைத் தடவி, நூலை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"பஸ்ஸுல வரச்சொல்ல டெய்லி என் மூஞ்சியப் பாக்கறேன்க்கா. துடுப்பு புடிச்சிகினு நிக்கிறேன். தண்ணில எப்போக்கா எறங்கறது?"

எனக்குக் கண்ணில் நீர் வந்தது. நூல் இழுத்தால் வருகிற நீர்தான் என்று அவள் நினைத்திருப்பாள். வெட்கமாக இருந்தது.

வெளியே வந்ததும் பயிற்சியாளருக்குப் போன் போட்டேன். செவ்வாய் சும்மாதான் இருக்கிறேன், யாரும் என்னைக் கேட்கவே இல்லையே என்றார்.

அடுத்த செவ்வாய் ஆபீசில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் சொன்னேன். காலனியில் துணைக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. அவள் கடையிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தாள்; அவர்களும் மிசோரம்தான். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நால்வரும் ஏறினோம். படகைக் கரையிலிருந்து உந்தும்போது அவள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். கொஞ்ச தூரம் போனதும் விட்டுவிட்டாள்.

நடு ஏரியில் மூவரும் மிசோவில் பேசிக்கொண்டார்கள். எதற்கோ சேர்ந்து சிரித்தார்கள். அந்தப் படகில் அது புரியாதவர்கள் நானும் பயிற்சியாளரும்தான். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவள் தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"ஒண்ணுமில்லக்கா. நீ மட்டும் லேட்டா இழுக்கற."