குட்டையாகிக்கொண்டே போன பொம்மை

இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு தெருவில் அவளை எல்லோரும் அச்சுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். பிசைந்த களிமண்ணை அச்சுக்குள் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவாள். பின்பக்கத்தை வழித்துச் சமன் செய்து, பக்குவமாகக் கழற்றி, காயவைத்துச் சுடுவாள். ஒரு பெண் பொம்மை வந்துவிடும். முகம் அவளுடையதுதான். கல்யாணமான புதிதில் கணவன் அவளை எதிரே உட்காரவைத்து மண்ணில் பிடித்த முகம் அது. அதிலிருந்து எடுத்ததுதான் முதல் அச்சு. இன்னொரு முகம் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன், செய்யாமலே போய்ச் சேர்ந்துவிட்டான்.

சுட்ட மண் அச்சு காலத்துக்கும் வராது. விரிசல் விட்டால், கையிலிருக்கும் பொம்மைமேல் ஈரக் களிமண்ணை அப்பி அவளே புது அச்சு எடுத்துக்கொள்வாள். அதில்தான் வில்லங்கம். மண் காய்ந்தாலும் சுருங்கும், சுட்டாலும் சுருங்கும். அச்சுக்கு அச்சு பொம்மை குட்டையாகி, கண்ணும் புருவமும் மங்கிக்கொண்டே வந்தன. நிஜ அச்சுக்காரியோ வருடத்துக்கு வருடம் பெருத்துக்கொண்டே போனாள். தெருவுக்கு இது நல்ல வேடிக்கை. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

பொம்மை வாங்க வந்த ஒருத்தி, "இதுக்குக் கண்ணு எங்கே?" என்று கேட்ட அன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அழுத்தத் தெரியுமே தவிர முகம் பிடிக்கத் தெரியாது. இன்னும் ஒரு அச்சு போனால், அவன் கைவேலை என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

முதல் அச்சின் முதல் பொம்மையை அவன் தன் அண்ணிக்குக் கொடுத்திருந்தான். அந்த ஓரகத்தியோடுதான், சூளையைப் பாகம் பிரித்த நாளிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

அச்சுக்காரி வீம்பை விழுங்கிக்கொண்டு போய் வாசலில் நின்றாள். விஷயத்தைக் கேட்ட ஓரகத்தி உள்ளே போய்ப் பொம்மையை எடுத்து வந்தாள். அதன்மேல் துளி தூசி இல்லை. கண், புருவம், உதட்டோரச் சிரிப்பு எல்லாம் அப்படியே இருந்தன. அச்சுக்காரி வாங்கக் கையை நீட்டினாள்.

"இங்கேயே உக்காந்து அச்சு எடுத்துக்க. பொம்மையைத் தரமாட்டேன். என் கொழுந்தன் எனக்குக் குடுத்தது."

அங்கேயே உட்கார்ந்து எடுத்தாள். அதில் வந்த பொம்மையும் ஒரு சுற்று சிறிதுதான். ஆனால் கண் இருந்தது.

அதன் பிறகு அவளுடைய அச்சுகள் முன்னைவிடச் சீக்கிரம் உடைய ஆரம்பித்தன. மண் சரியில்லை என்று அலுத்துக்கொண்டே ஓரகத்தி வீட்டுக்குப் போவாள்.

"மறுபடியும் உடைஞ்சிருச்சா?"

"ஆமாக்கா."

"சரி, உக்காரு."

உடைந்த அச்சைக் காட்டு என்று ஓரகத்தி ஒருநாளும் கேட்டதில்லை.