மேல்மாடிக்கு ஒரு ஸ்பீட், கீழ்வீட்டுக்கு ஒரு ஸ்பீட்

போன கிழமை என்ர மகள் என்னோட கதைச்சுக்கொண்டிருக்கேக்க, வாயைத் திறந்தபடி அப்பிடியே நிண்டிட்டாள்.

பயப்பிடாதேங்கோ. தர்சி மெல்பேணில சுகமாத்தான் இருக்கிறாள். நிண்டது படம். ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து, "அம்மா, நான் என்ன சொல்ல வந்தனான் எண்டா..." எண்ட இடத்தில ஒரு வட்டம் சுத்தத் தொடங்கிச்சுது. சுத்துது, சுத்துது... பிறகு கட்டாயிட்டுது.

பெத்த தாய்க்கு என்ன சொல்ல வந்தாள்? தெரியாது.

கொஞ்ச நேரத்தில மேல்மாடியில சிரிப்புச் சத்தம். மச்சாளின்ர சிரிப்பு. அதுக்குப் பின்னால போனுக்குள்ளால, வெட்டில்லாமல், விக்கலில்லாமல், என்ர மகளின்ர சிரிப்பு!

வயிறு எரியுமோ, எரியாதோ? நீங்களே சொல்லுங்கோ.

மச்சாள் எண்டது இவரின்ர தங்கச்சி. கலியாணம் கட்டேல்லை. சீனன்குடாப் பக்கம் ஒரு கந்தோரில வேலை செய்து பென்சன் எடுத்தவ. எங்கட வீட்டுக்கு மேல ஒரு மாடியைக் கட்டி, தனிக் குசினி வைச்சு, தன்ர பாட்டில இருக்கிறா. நல்ல மனுசி. அதுதான் கரைச்சலே... கூடாத மனுசியா இருந்தா கோவிக்க லேசா இருந்திருக்கும்.

எங்கட வீடு துறைமுகத்தடியில ஒரு பழைய வீடு. கீழ்வீட்டுச் சுவர் ஒவ்வொண்டும் கோட்டை மதில் மாதிரி. காத்தே கேட்டுத்தான் உள்ளுக்க வரும். சிக்னல் எங்க வரப்போகுது? மேல, மச்சாளின்ர அறை யன்னலடியில மட்டும் நல்லா இழுக்கும். அதால ரவுட்டர் இருக்கிறது அவவின்ர யன்னலில.

அப்ப கீழ எங்களுக்கு?

கரண்ட் வயருக்குள்ளால வருது. ஓம், உண்மையா. சவர்க்காரக் கட்டியளவில ரெண்டு பெட்டி. ஒண்டை மேல ரவுட்டருக்குப் பக்கத்துப் பிளக்கில குத்தவேணும், மற்றதைக் கீழ ஹோலில குத்தவேணும். லைட்டும் ஃபேனும் ஓடுற அதே வயரில இன்டர்நெட்டும் இறங்கி வந்திடும். இவர் யூடியூபில பார்த்துப் பழகினது. பெட்டியைக் குத்தின அண்டைக்கு இவர் நிண்ட நிலையைப் பார்க்கவேணும் நீங்கள்... என்னவோ தானே கரண்டைக் கண்டுபிடிச்ச மாதிரி!

வந்துதுதான். சொட்டுச் சொட்டா வந்துது.

நான் சும்மா இருக்கிற ஆளில்லை எண்டு கிழமைக்குக் கிழமை இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். கவனிக்கத் தொடங்கினன். நான் பிள்ளையோட கதைக்கத் தொடங்கினா, மச்சாள் மேல தண்ணி மோட்டரைப் போடுறா. மோட்டர் இரைய, என்ர பிள்ளையின்ர முகம் சதுரம் சதுரமா உடையுது. ஒரு நாளெண்டால் தற்செயல். ஒவ்வொரு நாளும் எண்டா?

இவரிட்டச் சொன்னன்.

"மோட்டர் ஓடினா வயருக்குள்ள ஒரு குழப்பம் வரும். எந்த மோட்டருக்கும் உள்ள குணம் அது. அதுக்காகத் தங்கச்சி குளிக்காமல் இருக்கிறதோ?" எண்டார்.

பாத்தியளே! நான் தலையிடி எண்டா "ஓ, அப்பிடியோ" எண்டு ஒரு சொல்லு. தங்கச்சி எண்டா முழு விளக்கம்.

உங்களுக்கு இது சின்ன விசயமாத் தெரியலாம். எனக்கு இல்லை. லைன் சரியில்லை எண்டு பிள்ளை எனக்கு எடுக்கிறதையே குறைச்சுப்போட்டாள். "அம்மா படம் நிக்குது, பிறகு எடுக்கிறன்" எண்டுவாள். அந்தப் பிறகு மேல்மாடிக்குப் போயிடும். போன மாதம் அவள் வீடு மாறினவள். அந்தக் கதையை எனக்கு ஆர் சொன்னது தெரியுமோ? மச்சாள்! தேங்காய்ப்பூ இரவல் கேக்கப் போன இடத்தில, "புது வீட்டில குசினி நல்ல வெளிச்சமாம்" எண்டு சொல்லுறா. என்ன புது வீடு எண்டு நான் முழிக்க, அவவின்ர முகம் கறுத்துப்போச்சு. "உங்களுக்குச் சொல்லியிருப்பாள் எண்டெல்லோ நினைச்சனான் மச்சாள்..."

பொறாமையோ எண்டு கேக்கிறியளோ? பின்ன என்ன, பொறாமைதான்! என்ர பிள்ளை என்ர கையை விட்டு ஒரு மாடி மேல போய்க்கொண்டிருக்கிறாள். நான் கீழ இருந்து வட்டம் சுத்துறதைப் பார்த்துக்கொண்டிருக்கிறன்.

அந்த நேரம் பார்த்து இவர் ஒரு வார்த்தையை வாய்தவறி விட்டார். ஆருக்கு முதல் இன்டர்நெட் போகவேணும், ஆருக்குப் பிறகு எண்டு ரவுட்டருக்குள்ள ஒழுங்குபடுத்தி வைக்கலாமாம்.

"அப்பிடி ஒண்டு இருக்கோ?"

"இருக்கு. ரோட்டில அம்புலன்ஸ் வந்தா மற்ற வாகனங்கள் ஒதுங்கிறேல்லையே? அது மாதிரித்தான்."

"அப்ப நான்தான் அம்புலன்ஸ்."

"ஓம், நீர் சைரனையும் சேர்த்துக்கொண்டெல்லோ வாறனீர்" எண்டார்.

சிரிக்கிற நிலையில நான் இல்லை. என்ர மனதில இப்ப வேற கணக்கு. தங்கச்சியை முதலாவதாப் போட்டு வைச்சிருக்கிறார், அதுதான் விசயம்! "இப்பவே திறவுங்கோ. எனக்கு முன்னால திறவுங்கோ" எண்டன். மனுசன் புறுபுறுத்துக்கொண்டு லப்டொப்பை எடுத்தார். திறந்தார். பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு நானும் பார்த்தன்.

இவரின்ர டிவி. என்ர போன். மச்சாளின்ர போன். மூண்டுக்கும் ஒரே நிலை. எல்லாரும் சமம்.

நிம்மதி வந்திருக்கவேணும் எல்லோ? எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வந்துது.

"என்ன, அவவும் நானும் சமமோ?"

"வேற என்ன?"

"பெத்தது ஆர்? நானோ அவவோ?"

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ரவுட்டருக்கு அது தெரியாதப்பா" எண்டார்.

"இப்ப தெரியப்படுத்துங்கோ."

தெரியப்படுத்தினார். நான் முதல். இவரின்ர கிரிக்கெட் ரெண்டாவது. மச்சாள் கடைசி. "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்" எண்டு லப்டொப்பை மூடேக்க ஒரு முணுமுணுப்பு. காதில விழாத மாதிரி இருந்தன். முதலிடம் வந்தாச்சு, இனி ஆர் என்ன சொன்னால் என்ன?

அடுத்த நாள் மத்தியானம் தர்சி எடுத்தாள். எங்களுக்கு மத்தியானம் எண்டா அவளுக்குப் பின்னேரம். வேலையால வந்து சமைக்கிற நேரம். சீலை மாத்தி, பொட்டு வைச்சுக்கொண்டு உக்காந்தன். "அம்மா..." எண்டாள். வட்டம்.

கோதாரி விழுந்த வட்டம்!

இவருக்கும் இப்ப ரோசம் வந்திட்டுது. அம்புலன்சுக்கு வழி விட்டும் அம்புலன்ஸ் ஓடேல்லை எண்டா என்ன அர்த்தம்? பெட்டியோட வந்த துண்டுப் பிரசுரத்தைத் தேடி எடுத்து, கண்ணாடியைப் போட்டு முதல்ல இருந்து வாசிச்சார். வாசிச்சுக்கொண்டு போய்ப் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தக் கார்ட்டை இதில கொழுவினது ஆர்?"

எங்கட ஊரில கரண்ட் வாறதும் போறதும் எப்பிடியெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சிலநேரம் ஃபேன் பறக்கப் பார்க்கும், சிலநேரம் பல்ப் அழும். அதாலதான் எல்லா வீட்டிலயும் பிரிட்ஜுக்கு ஒரு கார்ட் போடுறது. கரண்ட் கூடிக் குறைஞ்சா சாமானைக் காப்பாத்திற பெட்டி. மகளின்ர முகம் வாற சாமானை வெறும் சுவரில குத்தி வைக்க எனக்கு மனம் வருமே? பிரிட்ஜுக்குப் போட்ட மாதிரி இதுக்கும் ஒண்டை வாங்கி, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில கொழுவி விட்டனான். அதுக்கு மேல ஒரு சின்னத் துணியும் போட்டு, தூசி படாமல்.

"நேரே சுவரிலதான் குத்தவேணுமாம். இந்தக் கார்ட், வயரில வாற இன்டர்நெட்டையும் சேர்த்துத்தான் மறிக்குது" எண்டார். "காவலுக்கு விட்ட ஆள் வீட்டுக்காரரையே உள்ளுக்க விடேல்லை."

நான் மேல போட்ட துணியை எடுத்தன். கார்ட்டைக் கழட்டினார். பெட்டியை நேரே சுவரில குத்தினார்.

அம்மாடி! கீழ்வீட்டுக்கு வெள்ளம் திறந்த மாதிரி வந்துது இன்டர்நெட். இவரின்ர டிவியில பந்தில இருக்கிற தையல் தெரிஞ்சுது. என்ர போனில தர்சியின்ர கன்னத்தில வந்த பரு தெரிஞ்சுது. மூண்டு நாலு நாள் நான் ராணி! ஏன் மெலிஞ்சு போனாய், ராத்திரி என்ன சாப்பிட்டாய், சம்பந்தம் பேசி வந்த அந்தக் கல்முனைப் பொடியன்ர சாதகத்துக்கு என்ன முடிவு... எல்லாம் கேட்டுத் தீர்த்தன்.

படம் தெளிவா வந்தா எல்லாம் தெளிவாத் தெரியும் எண்டதுதான் இதில உள்ள வில்லங்கம். நான் கேள்வி கேக்கேக்க அவள் என்னைப் பார்க்கேல்லை. ஓரத்தில எங்கயோ ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டு "ம்... ஓம் அம்மா... பாப்பம் அம்மா" எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறாள். முந்தி வட்டம் சுத்திச்சுது, நான் வட்டத்தைக் குறை சொன்னன். இப்ப ஆரைக் குறை சொல்லுறது?

நாலாம் நாள் அவள் தானாக் கேட்ட ஒரே கேள்வி இது: "அம்மா, மேல மாமிக்கு என்ன? எப்ப எடுத்தாலும் படம் நிக்குது. சுகமில்லையோ?"

"அவவுக்கு ஒண்டுமில்லை."

"இருங்கோ, நான் ஒருக்கா எடுத்துப் பாக்கிறன். வையுங்கோ அம்மா."

வையுங்கோவாம்! லைனில முதலிடம் எனக்கு. வையுங்கோவும் எனக்கு.

கோவத்தோடதான் படி ஏறினன். அப்பிடி என்னதான் கதைக்கினம் எண்டு ஒருக்காக் கேக்கவேணும். மச்சாளின்ர குசினிக் கதவு திறந்துதான் கிடந்துது. சீனிப் பேணியில போனைச் சாய்ச்சு வைச்சுப்போட்டு, மனுசி பூசணிக்காய் வெட்டிக்கொண்டு நிக்கிறா. ஊர்த் தெருவில மாடு மாதிரித் திரிஞ்சு வாசலில வந்து நிக்கிற மானுக்கு எண்டு தோலை ஒரு பக்கம் ஒதுக்கி வைச்சிருக்கிறா. போனில தர்சி. அசைவில்லை. கண் பாதி மூடி, கையில கரண்டியோட அப்பிடியே நிக்கிறாள், நடுவில வட்டம். கீழ இவரின்ர டிவியில ஆரோ சிக்சர் அடிச்ச ஆரவாரம்.

"படம் நிண்டிட்டுதே மச்சாள், கட் பண்ணுங்கோவன்" எண்டன்.

"பரவாயில்லை, கிடக்கட்டும். என்ர போன் பழசு. கொஞ்ச நாளா இப்பிடித்தான்" எண்டு சொன்னா. "அவள் சமைச்சு முடிக்கும்வரைக்கும் கிடக்கட்டும்."

"அப்பிடி என்ன கதைக்கிறனீங்கள் ரெண்டு பேரும்?"

மச்சாள் வெட்டின துண்டுகளைச் சட்டியில போட்டா. "கதைக்கிறேல்லை எண்டுதான் சொல்லவேணும். அவள் அங்க வெட்டுவாள், நான் இஞ்ச வெட்டுவன். எப்பவாவது உப்புக் காணுமோ எண்டு கேப்பாள். தனியச் சமைக்க மனமில்லையாம், பஞ்சியாக் கிடக்காம் பிள்ளைக்கு."

அவ்வளவுதான். நான் நினைச்ச ரகசியம் ஒண்டும் இல்லை. என்னைப் பற்றிக் குறைகூட இல்லை. குறை சொல்லியிருந்தால்கூட ஆறியிருப்பன்.

கீழ வந்தன். "எல்லாரையும் சமமாப் போடுங்கோ" எண்டன். இவர் ஏனெண்டு கேக்கேல்லை. கட்டின நாளில இருந்து இந்த மனுசன் செய்த புத்தியான காரியம் அதுதான்.

நேற்று மத்தியானம் மேல போன் அடிக்கிற சத்தம் கேட்டுது. என்ர பயித்தங்காய்ச் சுளகையும் கத்தியையும் தூக்கிக்கொண்டு மேல போனன். மச்சாள் ஒரு கதிரையை இழுத்து விட்டா.

தர்சி ஒரு பழைய ரீசேட்டோட, தலைமுடி இழுத்துக் கட்டாமல் நிண்டாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள். முடியை ஒதுக்கினாள். "அம்மா! சாப்பிட்டாச்சோ?" எண்டு கேட்டாள், வீட்டுக்கு ஆரும் பெரியாக்கள் வந்தால் கேக்கிற குரலில. மச்சாளுக்கு அப்பிடியே நிண்டவள், எனக்கு மட்டும் நிமிர்ந்தாள். சுட்டுது எனக்கு.

நாக்கு நுனியில கேள்விகள் நெருக்குப்பட்டுக்கொண்டு நிண்டுதுகள். அந்த ரீசேட்டை இன்னும் எறியேல்லையோ எண்டதில இருந்து கல்முனைச் சாதகம் வரைக்கும்.

"நீ வெட்டு பிள்ளை, நாங்களும் வெட்டுறம்" எண்டன்.

அவள் வெங்காயம் வெட்டினாள். மச்சாள் கீரை ஆய்ஞ்சா. நான் பயித்தங்காய். துறைமுகத்தில ஒரு கப்பல் ஊதிச்சுது. ஒருத்தரின்ர கையும் நிக்கேல்லை. எண்ணெய் கொதிக்கிற சத்தம், அங்கயும் இஞ்சயும். போகப்போக அவளின்ர தோள் கீழ இறங்கிச்சுது. நான் இருக்கிறதே மறந்துபோச்சு எண்டு நினைக்கிறன்... சோடாவை ஒரு முடறு குடிச்சுப்போட்டு, "ஏவ்" எண்டு வீடு அதிர ஒரு ஏவறை விட்டாள் பாருங்கோ!

"பொம்பிளைப் பிள்ளை இப்பிடியோ ஏவறை விடுறது?" எண்டு கேக்க வாய் திறந்திட்டுது. மூடிக்கொண்டன்.

என்ர பிள்ளை எனக்கு முன்னால ஏவறை விட்டு எத்தினை காலம்! மச்சாளுக்கு இது ஒவ்வொரு நாளும் கிடைச்சிருக்கு எண்டு நினைக்க... பாருங்கோ, திரும்பவும் எரியுது.